கடைக் கணினியின் முன்னால் ஒரு நாற்காலி

கேள்வி: ஐயா, சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிறிய ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் இயந்திரம். கணவருக்கு வெளியூரில் வேலை. மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறான். எட்டு வயதிலிருந்து கடையில்தான் வளர்ந்தான். விண்ணப்பம் நிரப்புவது, புகைப்படத்தை 50 கேபிக்குள் சுருக்குவது, பாமினி என்ற கணினி எழுத்துருவில் இருக்கும் பழைய நோட்டீஸைத் திருத்துவது எல்லாம் அவன்தான். அடுத்த தெருப் பையன் ஒன்பது வயதிலேயே ஆன்லைனில் கோடிங் (கணினி நிரல் எழுதுவது) படித்து ஆப் செய்துவிட்டானாம். கட்டணம் 40,000 ரூபாய். என் மகன் கடைக் கணினியில் வீணாகிறானோ என்று பயமாக இருக்கிறது. இனிமேல் கோடிங் சேர்த்தால் தாமதமா? பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா? அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற்றலாமா? மகளும் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு இதில் ஆர்வம் இல்லை. கடைக்கு வந்தால் தாள் அடுக்குவாள், பைண்டிங் போடுவாள், டீ வாங்கி வருவாள்.
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புச் சகோதரிக்கு,

40,000 ரூபாயைக் கட்டிவிடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட வகுப்புகளை விற்பவர்கள் 'சலுகை இன்று இரவோடு முடிகிறது' என்று தொலைபேசியில் நெருக்குவார்கள். நீங்கள் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் பணம் போய்விடக்கூடாது.

அடுத்த தெருப் பையனைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஒன்பது வயதில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் நகர்வதைப் பார்ப்பது நல்ல அனுபவம்தான். ஆனால் அவன் செய்த ஆப்பைப் பார்க்க வாய்த்தால் ஒன்று கேட்டுப்பாருங்கள். 'தம்பி, இந்தப் பொத்தானை இடப்பக்கம் மாற்றி, இரண்டு முறை அழுத்தினால் மட்டும் வேலை செய்யும்படி ஆக்க முடியுமா?' ஆசிரியர் உதவியில்லாமல் அரை மணி நேரத்தில் செய்துவிட்டான் என்றால் அவனிடம் விஷயம் இருக்கிறது, கட்டிய பணம் வீண் போகவில்லை. விழித்தான் என்றால், அந்த ஆப் அவனுடையது இல்லை. வகுப்பு நடத்துபவர்கள் ஏற்கெனவே செய்து வைத்த அச்சில் அவன் பெயரை ஊற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆப்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே பூனை ஒரே திசையில் நடக்கும்.

உங்கள் மகன் வீணாகிறானா என்ற கேள்விக்கு நான் நடுநிலையாகப் பதில் சொல்ல முடியாது. நானும் அப்படிப்பட்ட ஒரு கடையில் வளர்ந்தவன்.

1998 கோடை விடுமுறை. கோவில்பட்டியில், கணினியில் பக்கம் வடிவமைத்துத் தரும் ஒரு டிடிபி கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அதற்கு முந்தைய ஆண்டே தட்டச்சு நிலையத்தில் தமிழ்த் தட்டச்சின் முதல் பாடமான 'யளனக' அடித்துப் பழகியிருந்ததால் அண்ணாச்சி என்னைக் கணினி முன்னால் உட்கார வைத்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பாமினி எழுத்துருவை வைத்துக்கொண்டு தட்டச்சு இயந்திரத்தில் அடிப்பது போலவே அடிக்கலாம். அடித்ததை ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு சாத்தூர் வழியாகச் சிவகாசி போய் அச்சகத்தில் கொடுப்பதும் என் வேலை.

ஒரு நாள் ஃபிளாப்பியில் பத்திரிகைக் கோப்பை மட்டும் ஏற்றிக்கொண்டு, எழுத்துருவை ஏற்ற மறந்துவிட்டேன். அச்சகத்துக் கணினியில் திறந்ததும் திரை முழுக்க ஆங்கிலக் கிறுக்கல். மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்த நேரம் எதையும் காணவில்லை. அச்சகத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அழுகை வந்தது. அந்தக் கிறுக்கலைப் பார்த்துக்கொண்டே நின்றபோது ஒன்று பிடிபட்டது. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் இருந்தன. விசைப்பலகையைப் பார்த்தேன். தட்டச்சு நிலையத்தில் 'த' இருந்த இடத்தில் ஜே. 'ம' இருந்த இடத்தில் கே. அப்படியென்றால் கணினிக்குள் தமிழே கிடையாது! ஆங்கில எழுத்துக்குரிய எண்ணைத்தான் அது வைத்திருக்கிறது. அதன் மேல் தமிழ் உருவத்தை ஒட்டவைப்பதுதான் பாமினியின் வேலை. ஒட்டியது கழன்றுவிட்டது, அவ்வளவுதான். கோப்பு பத்திரமாக இருக்கிறது.

மறுபடி பஸ் ஏறி, கோவில்பட்டிக்கு வந்து, எழுத்துருவை எடுத்துக்கொண்டு, மறுபடி சிவகாசி. அண்ணாச்சி திட்டவில்லை. பஸ் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கிறுக்கல் என்னை விடவில்லை. கல்லூரியில் ஜாவா என்ற நிரல் மொழியைச் சொல்லிக்கொடுத்தபோது எல்லோரும் வங்கிக் கணக்கு, நூலகப் பதிவேடு என்று புராஜெக்ட் செய்தார்கள். நான் பாமினியை யூனிகோடாக மாற்றும் நிரல் எழுதினேன். யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொது முறை. அதில் தமிழுக்கு என்றே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே 'க' என்றால் 'க'தான், ஆங்கிலத்தின் முதுகில் ஏறிச் சவாரி செய்வதில்லை. ஓர் எழுத்துக்கு இன்னோர் எழுத்து என்று பட்டியல் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பாமினியில் 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. கையால் எழுதும் வரிசை அது. யூனிகோடில் முதலில் 'க', பிறகு கொம்பு. வாயால் சொல்லும் வரிசை. ஆக, ஒவ்வொரு கொம்பையும் பிடுங்கி அடுத்த எழுத்துக்குப் பின்னால் நட வேண்டும். அதையும் செய்தேன்.

பிறகு 'கௌரி' வந்தாள். பழைய எழுத்துருவில் ஔகாரத்துக்கு வலப்பக்கக் குறி தனியாக இல்லை. கொம்பு, க, ள என்று மூன்றையும் அடுத்தடுத்து அடித்துக் 'கௌ' ஆக்கிவிடுவோம். என் நிரல் அதைக் 'கெளரி' (அதாவது கெ, ள, ரி) என்று மாற்றியது. இன்றும் இணையத்தில் இந்தப் பிழையைத் தினமும் பார்க்கலாம். சரி, முன்னால் கொம்பும் பின்னால் 'ள'வும் இருந்தால் அது ஔகாரம் என்று ஒரு விதி சேர்த்தேன். கௌரி சரியானாள். ஆனால் 'தெளிவு' என்று இருந்த இடமெல்லாம் 'தௌ' ஆகி, அதற்குப் பின்னால் ஓர் இகரக் குறி ஒட்டுவதற்கு எழுத்தில்லாமல் தனியாகத் தொங்கியது. கௌரியைத் திருத்தினால் தெளிவு கெடுகிறது. தெளிவைத் திருத்தினால் கௌரி கெடுகிறாள். மூன்று நாள் விடுதியில் தூங்கவில்லை. எப்படித் தீர்த்தேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் கடைசியில்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் செய்துவருவது ஏறக்குறைய இதே வேலைதான். இந்திய மொழி எழுத்துகளைத் தேடுவது, பிரிப்பது, மாற்றுவது. நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது.

இதைக் கேட்டு 'அப்படியானால் கடையிலேயே உட்காரட்டும், பொறியாளர் ஆகிவிடுவான்' என்று நினைத்துவிட வேண்டாம். அதே அண்ணாச்சி கடையில் என்னோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் இன்று ஃபிளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் தொழில் செய்கிறார், என்னைவிட வசதியாக. இன்னொருவர் கணித ஆசிரியர், கணினியைப் பார்த்தாலே கொட்டாவி விடுவார். அனுபவம் ஒன்றுதான், ஆள்தான் வேறு. பேஜ்மேக்கர் பற்றி நான் அன்று கற்றதில் ஒரு வரிகூட இன்று செல்லாது. சிவகாசியில் திரை கிறுக்கியபோது, 'போச்சு' என்று ஓடாமல், 'அடியில் என்ன இருக்கிறது?' என்று பார்த்தேனே, அது இன்றும் செல்கிறது. அதைக் கற்றுக்கொள்ள மூன்று பொருத்தம் கூடிவர வேண்டியிருந்தது. உண்மையான வேலை ஒன்று இருந்தது. தப்பு செய்தால் உலகம் இடிந்துவிடாத இடமாக அது இருந்தது. கூடவே இருந்து ஒவ்வொரு விசையையும் சொல்லித்தரும் ஆள் யாரும் இல்லை. உங்கள் கடையில் இந்த மூன்றும் இருக்கின்றன. கட்டணம் கட்டிச் சேரும் வகுப்பில் மூன்றாவது கட்டாயம் இருக்காது.

தாமதமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. என் அலுவலகத்தில் மிகவும் நேர்த்தியாக நிரல் எழுதும் பெண், பொறியியல் முதலாண்டில்தான் முதன்முதலில் விசைப்பலகையைத் தொட்டவர். முதல் பருவத்தில் மற்றவர்கள் பேசுவதே புரியாமல் கழிவறையில் போய் அழுததாகச் சொல்வார். மூன்றாவது பருவத்தில் அவர்களுக்கு இவர் சொல்லிக்கொடுத்தார். பதினைந்து வயதில் உங்கள் மகனுக்கு எந்தத் தாமதமும் இல்லை. பைத்தான் என்ற நிரல் மொழி இலவசம், உங்கள் கடைக் கணினியிலேயே ஓடும். முதல் பாடமாக அவன் தினமும் வெறுக்கும் வேலையையே எடுத்துக்கொள்ளட்டும். ஒரு கோப்புறையில் இருக்கும் நாற்பது புகைப்படங்களையும் ஒரே அழுத்தில் 50 கேபிக்குள் சுருக்கும் நிரல். 'பில்லோ' என்று ஒரு இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது, அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் எல்லாப் படமும் மங்கலாக வரும். இரண்டாவது வாரம் எல்லோரும் தலைகீழாக நிற்பார்கள். கைப்பேசியில் எடுத்த படம் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்ற குறிப்பு படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்று அப்போது கண்டுபிடிப்பான். அதற்குள் நீங்கள் போய்த் திருத்தாதீர்கள்.

பதினொன்றாம் வகுப்புக்கு வருவோம். கணிதம் இருக்கும் பிரிவாக இருந்தால் போதும். தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் 200க்கான கட்-ஆஃப் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கணக்கிடப்படுகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண் அதில் சேராது. கணிதத்தோடு உயிரியல் படித்தவரும் கணிப்பொறிப் பொறியியல் சேரலாம். ஆகவே உறவினர்களோடு இதற்காகச் சண்டை வேண்டாம். அவனுக்கே பிடித்திருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டும். பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று பாடப்புத்தகம் நன்றாகவே இருக்கிறது. மனப்பாடம் செய்யாமல் கடையில் ஓட்டிப் பார்த்துப் படித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

தனியார் பள்ளி? வேண்டாம், வேண்டவே வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கடைசி இரண்டு ஆண்டுக்காகப் பள்ளி மாற்றி இதை இழந்தவர்களை எனக்குத் தெரியும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களும் (மகளுக்குப் புதுமைப் பெண், மகனுக்குத் தமிழ்ப் புதல்வன்) எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் தரப்படுகின்றன.

கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், தொழில் புத்தி. உங்கள் மகன் பதினைந்து வயதில் ஊர்க்காரர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடவுச்சொல், ஓடிபி எல்லாவற்றையும் தொடுகிறான். வாடிக்கையாளர் பெயரில் கணினியில் சேமித்த கோப்புகளைக் கடை பூட்டும் முன் அழிக்கும் பழக்கம் இருக்கிறதா? கடவுச்சொல்லை அவர்களே அடிக்கும்படி விசைப்பலகையைத் திருப்பி வைக்கிறானா? எங்கள் துறையில் இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு இதைப் பயிற்சி வைத்துச் சொல்லித்தருகிறோம், பாதிப் பேருக்கு ஏறுவதில்லை. கடையில் கற்றால் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி, உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரி. அதைத்தான் நான் அதிக நேரம் படித்தேன்.

பில் கேட்ஸ் கணினியைத் தொட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1968, சியாட்டில் நகரில் லேக்சைடு என்ற பள்ளி. பள்ளிகளில் கணினி என்பதே கேள்விப்படாத காலம். அந்தப் பள்ளியின் அன்னையர் மன்றம் பழைய பொருட்களைச் சேர்த்து விற்று, அந்தப் பணத்தில் ஒரு டெலிடைப் இயந்திரத்தை ஏற்பாடு செய்தது. எங்கோ இருக்கும் பெரிய கணினியோடு தொலைபேசிக் கம்பி வழியே பேசும் கருவி அது. பயன்படுத்தும் நேரத்துக்குத் தனிக் காசு. கேட்ஸும் அவரைவிட இரண்டு வகுப்பு மூத்த பால் ஆலனும் அந்தக் காசைச் சீக்கிரமே கரைத்தார்கள். பிறகு உள்ளூர் நிறுவனம் ஒன்று, தன் கணினியில் பிழைகளைக் கண்டுபிடித்துச் சொன்னால் இலவசமாக உட்காரலாம் என்றது. பிழை கண்டுபிடிப்பதே பள்ளிக்கூடமாயிற்று. தாய்மார்கள் சேர்த்த பணம் இத்தனை தூரம் போயிருக்கிறது என்று எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். லேக்சைடு அப்போது ஆண்கள் பள்ளி. தாய்மார்கள் பணம் சேர்த்தார்கள், மகன்கள் உட்கார்ந்தார்கள். அந்த வீடுகளில் மகள்களும் இருந்திருப்பார்கள்.

இன்னொன்று. 1990களின் பிற்பகுதியில் பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் என்ற இருவர், கணினி அறிவியல் படிக்கும் மாணவ மாணவியரிடம் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசினார்கள். உங்களுக்குக் கணினி முதலில் எப்படி அறிமுகமானது என்று கேட்டார்கள். வீட்டுக் கணினி பெரும்பாலும் மகனின் அறையில் இருந்திருக்கிறது. மகள் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். பெண்களுக்கு ஆர்வமில்லை என்று எல்லோரும் சொன்னதற்கு அடியில் இந்த நாற்காலிக் கணக்கு இருந்தது. இன்னொன்றையும் கண்டார்கள். முன்னமே நிரல் எழுதிப் பழகி வந்தவர்கள்தான் படிப்பை நன்றாக முடிப்பார்கள் என்று சொல்ல முடியவில்லை. அனுபவம் இல்லாமல் வந்தவர்களும் எட்டிப் பிடித்தார்கள். பல்கலைக்கழகம், சேர்க்கையில் முன் அனுபவத்துக்குக் கொடுத்த முக்கியத்துவத்தைக் குறைத்தது. புதிதாக வருபவர்களுக்கு அவர்களுக்கேற்ற தொடக்கப் பாடம் வைத்தது. 1995இல் அங்கே கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம். 2000இல் 42 சதவீதம்.

உங்கள் மகளுக்கு ஆர்வம் இல்லை என்கிறீர்கள். இருக்கலாம், எல்லோருக்கும் கணினி பிடித்தாக வேண்டும் என்று சட்டமா? ஆனால் அவள் இதுவரை செய்தது தாள் அடுக்குவதும் டீ வாங்குவதும். நாற்காலியில் உட்காராத ஆளுக்கு நாற்காலி பிடிக்குமா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? உங்களைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் தட்டச்சு நிலையத்துக்கு அனுப்பியது என்னைத்தான். அக்காவை இல்லை. என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவார். இன்றும் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது கணினியை மகளுக்குக் கொடுங்கள். மகன் அந்தப் பக்கம் வரக்கூடாது. 'நகர், நான் செய்து காட்டுகிறேன்' என்ற அண்ணன்களின் கையை முதலில் கட்ட வேண்டும். வேண்டுமானால் அன்று டீ வாங்க அவன் போகட்டும். உங்கள் கணினியில் இருக்கும் பழைய பாமினி நோட்டீஸ் ஒன்றைத் திறந்து, 'கௌரி', 'பௌர்ணமி', 'தெளிவு', 'வெளியூர்' இந்த நான்கு சொற்களையும் அதில் அடிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதட்டும். அதற்குப் பிறகு கணினிகூட அவசியமில்லை, பென்சில் போதும். எந்த இடத்தில் 'ள' உண்மையான 'ள', எந்த இடத்தில் அது ஔகாரத்தின் பாதி என்று ஓர் இயந்திரத்துக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அவளே யோசிக்கட்டும். எனக்கு மூன்று நாள் ஆனது.

விடை கிடைத்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அண்ணன் முந்திக்கொண்டு எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.